உப்பில்லாக் கடலில் ஒரு பயணம்

நான் பிறந்தது நெடுந்தீவில். தீவில் பிறந்தவர்களுக்குக் கடல் வீட்டு முற்றம் போன்றது என்று சொல்வார்கள். எனக்கும் பத்தொன்பது வயது வரை அப்படித்தான் இருந்தது. அதன் பின்னர் மீண்டும் ஒரு படகில் கால் வைக்க எனக்கு 39 ஆண்டுகள் சென்றன. அதுவும் எங்கள் ஊர்ப் படகில் அல்ல. எங்கோ தொலைவில், கனடாவின் ரொறன்ரோ நகரத்தில், உப்பில்லாத தண்ணீரில் ஓடும் ஒரு கப்பலில். அந்தப் பயணத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

எனது மகள் திருமணமாகி ரொறன்ரோவில் ஸ்காபரோ பகுதியில் வசிக்கிறாள். எங்கள் வடக்கு, கிழக்கிலிருந்து சென்ற தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் இடம் அது. பேரனுக்கு ஆறு வயது. 2024ஆம் ஆண்டு யூலை மாதம் மகள் என்னை ஆறு மாத விசாவில் அழைத்திருந்தாள். போய்ச் சேர்ந்த முதற்கிழமையே பேரன் தொடங்கிவிட்டான். “அம்மம்மா, ஐலன்டுக்குப் போவம். கப்பல்லை போகலாம். அங்கை காரே இல்லை!”

நான் ஏதேதோ சாட்டுச் சொல்லித் தட்டிக் கழித்தேன். கால் நோகிறது என்றேன், வெயில் என்றேன். மகளுக்குக் காரணம் தெரியும். அவள் ஒரு நாளும் வற்புறுத்தவில்லை. “அம்மா, உங்களுக்கு ஏலாதெண்டால் விடுங்கோ. நான் அவனைக் கூட்டிக்கொண்டு போய் வாறன்” என்றாள். அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. ஆறு வயதுப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கும் ஒன்றை, அவன் பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முன் நடந்த ஒன்றுக்காக நான் மறுக்கிறேனே என்று நினைத்தேன். மறுநாட் காலையில், “நானும் வாறன் பிள்ளை” என்றேன்.

குமுதினி

1985 மே மாதம் 15ஆம் திகதி. அப்போது நான் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கித் தையல் பழகிக்கொண்டிருந்தேன். அன்று காலை நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில் என் சின்னம்மாவும் வந்தார். எனக்குக் கொடுப்பதற்குப் பனங்கட்டியும் ஒடியலும் கட்டிக்கொண்டு வருகிறார் என்று முதல் நாள் வந்த ஒருவர் சொல்லியிருந்தார். நான் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பகல் முழுவதும் நின்றேன். சின்னம்மா வரவில்லை.

நடுக்கடலில் அந்தப் படகில் இருந்தவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கைக்குழந்தை முதல் முதியவர் வரை அதில் இருந்தனர். இதை நான் விரித்து எழுதப் போவதில்லை. வாசிக்கும் உங்களில் பலருக்கும் இப்படி ஒரு திகதி இருக்கும். அந்தத் திகதிக்குப் பின்னர் ஒரு வீதியிலோ, ஒரு வாகனத்திலோ, ஒரு சத்தத்திலோ உங்களால் நிற்க முடியாமல் போயிருக்கும். எனக்கு அது படகு.

பின்னர் அப்பாவும் அம்மாவும் கிளிநொச்சிக்கு வந்து குடியேறினார்கள். நானும் அங்கேயே திருமணம் செய்தேன். அம்மம்மா மட்டும் ஊரை விட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டார். அவர் இறந்தபோது செத்த வீட்டுக்கு நான் போகவில்லை. படகில் ஏறவேண்டுமே! அந்தக் குறை இன்றுவரை மனதில் இருக்கிறது.

‘பாதை’யைப் போல ஒரு கப்பல்

ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸிலும் பின்னர் நிலத்தடி ரயிலிலும் ஏறி யூனியன் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே பே வீதி வழியாகத் தெற்கே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏரிக்கரை வந்துவிடும். அங்கேதான் கப்பல் துறை. 2013ஆம் ஆண்டிலிருந்து அதற்கு ஜாக் லேற்றன் என்பவரின் பெயர். கனடாவின் புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவராக இருந்து 2011இல் இறந்தவர். அந்த ஆண்டுத் தேர்தலில் அவருடைய கட்சியில் நின்று வென்றுதான் ராதிகா சிற்சபைஈசன் கனடாவின் முதலாவது தமிழ் நாடாளுமன்ற உறுப்பினரானார். லேற்றனின் மனைவி ஒலிவியா சௌ 2023இல் ரொறன்ரோவின் நகர முதல்வராகத் தெரிவானார். இவர்கள் இருவரும் 1988இல் திருமணம் செய்துகொண்டது நாங்கள் போகவிருந்த அதே தீவுக் கூட்டத்தில்தான். துறையிலே இருவர் மிதிக்கும் சைக்கிள் ஒன்றில் லேற்றன் பின் ஆசனத்தில் இருப்பதுபோல ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். முன் ஆசனம் வெறுமையாக இருக்கிறது. பேரன் ஓடிப்போய் அதில் ஏறிவிட்டான்.

தீவுக்குச் செல்லும் கப்பலை அங்கே ‘ஃபெரி’ என்கிறார்கள். மூன்று இடங்களுக்கு மூன்று வரிசை. நடுத்தீவு, ஹன்லான்ஸ் முனை, வாட்ஸ் தீவு. மக்கள் குடியிருப்பது வாட்ஸ் தீவிலும் அதனோடு பாலத்தால் இணைந்த அல்கொங்குவின் தீவிலுந்தான். எங்களுக்கு அந்த வரிசை. போகும்போது மாத்திரம் ரிக்கற் எடுத்தால் போதும். திரும்பி வருவதற்குக் காசில்லை.

எங்கள் கப்பலின் பெயர் ‘ஒங்கியாரா’. 1963ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறதாம். முன்பக்கத்துக் கதவு பலகையாகக் கரையில் சாய்ந்ததும் சனங்கள் சைக்கிள்களை உருட்டிக்கொண்டும் பிள்ளை வண்டில்களைத் தள்ளிக்கொண்டும் உள்ளே போனார்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடும் நம்முடைய ‘பாதை’யின் நினைவுதான் வந்தது.

அந்தச் சாய்பலகைக்கு முன்னால் என் கால்கள் நின்றுவிட்டன. உள்ளங்கை வியர்த்தது. பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மகள் என் கையைப் பிடித்தாள். “அம்மா, மேலை பாருங்கோ, அங்கி எல்லாம் அடுக்கி வைச்சிருக்கு. பதின்மூண்டு, பதினாலு நிமிசம்தான். நான் பிடிச்சிருக்கிறன்” என்றாள். மறுகையைப் பேரன் பிடித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஏறிவிட்டேன்.

முதல் சில நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இயந்திரத்தின் அதிர்வு பாதத்தில் தெரிந்தது. ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று யோசித்தபோது விளங்கியது: உப்பு மணம் இல்லை. கண்ணைத் திறந்தேன். ஒன்ராறியோ ஏரி அது. தண்ணீர் நீலமாகக் கிடந்தது. பாய்வள்ளங்கள் போயின. எதிரே நின்ற ஒரு பெண் கூடையில் மரக்கறியும் பாணும் வைத்துக்கொண்டு ஏதோ புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் போய் வீட்டுக்குத் திரும்புகிறவள். அவளுக்கு அது படகுகூட அல்ல, பஸ்மாதிரி. அவளைப் பார்த்தபடியே நின்றேன். 1985க்கு முன்னர் என் சின்னம்மாவும் குமுதினியில் இப்படித்தான் இருந்திருப்பார். கரை வந்ததே தெரியவில்லை.

கார் இல்லாத ஊர்

தீவில் இறங்கியதும் காதுதான் முதலில் வித்தியாசத்தை உணர்ந்தது. வாகன இரைச்சல் இல்லை. இலை அசைவதும், சைக்கிள் மணியும், பிள்ளைகள் கூப்பிடுவதும் கேட்டன. சொந்தக் கார் வைத்திருக்க அங்கே எவருக்கும் அனுமதியில்லை. தீயணைப்பு, நோயாளர் காவு வண்டி, குப்பை அள்ளும் வண்டி போன்ற சேவை வாகனங்கள் மாத்திரம் உண்டு. மற்றெல்லாவற்றுக்கும் நடை அல்லது சைக்கிள். அறுபது, எழுபது வயதுப் பெண்கள்கூடச் சைக்கிளின் பின்னால் சிறு இழுவை வண்டி பூட்டி, அரிசி மாவிலிருந்து அலுமாரி வரை இழுத்துப் போகிறார்கள்.

வீதிகள் எங்கள் ஊர் ஒழுங்கைகளைப் போலக் குறுகலானவை. இரு பக்கமும் சின்னச் சின்ன மர வீடுகள். உயர்ந்த மதில் இல்லை. முன்புறமெல்லாம் பூஞ்செடிகள். வாட்ஸ், அல்கொங்குவின் இரண்டிலும் சேர்த்து 262 வீடுகள்தான் இருக்கின்றன. தீவுக் கூட்டம் முழுவதும் ஏறத்தாழ 330 ஹெக்டயர். மிகுதி எல்லாம் பூங்காவும் கடற்கரையும் நீரோடைகளும். நகரத்து மக்கள் விடுமுறை நாட்களில் வந்து இளைப்பாறிச் செல்கிறார்கள்.

வாகனமில்லாத வீதி நமக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எல்லோரும் சைக்கிளில்தானே திரிந்தோம். பிரசவத்துக்குப் போகிறவளையும் சைக்கிள் கரியரில் இருத்திக் கொண்டு போனோம். வீதிகள் அப்போதும் வெறிச்சோடித்தான் கிடந்தன. ஆனால் அதை அமைதி என்று ஒருவராவது சொன்னோமா? எங்கள் வீதியில் வாகனம் இல்லாமற் போனது நாங்கள் கேட்டல்ல. இந்தத் தீவார் வேண்டாம் என்று தாங்களே தீர்மானித்து இருக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அப்போது தலைக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்தது. காற்றாடி விமானம். அந்த இரைச்சல் கேட்டதும் என் உடம்பு என்னைக் கேட்காமலே குனிந்துவிட்டது. பேரனை இழுத்து அணைத்தபடி ஒரு மரத்தடியில் இருந்துவிட்டேன். தீவின் மேற்கு முனையில் 1939ஆம் ஆண்டிலிருந்து ஒரு சிறு விமான நிலையம் இருக்கிறது. பயணிகள் விமானந்தான் அது. “அம்மம்மா ஏன் ஒளிக்கிறா?” என்று பேரன் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. அவளுடைய கையும் மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். 2009இல் அவளுக்கு இருபது வயது. அந்த ஆண்டுதான் அவளுடைய அப்பாவை இழந்தோம்.

தண்ணீரோடு பகைக்காத ஒருவர்

கிழக்கே வெண்மணற் கடற்கரை. அங்கே நின்று பார்த்தால் ஏரியின் மறுகரை தெரியாது. கடல் போலவே இருக்கும். கைநிறையத் தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் போல இருந்தது. பேரன் மணலில் விளையாட, மகள் அந்த இடத்தின் வரலாற்றைச் சொன்னாள்.

முன்னர் இது தீவே அல்லவாம். கரையோடு ஒட்டியிருந்த நீண்ட மணற்றிட்டு. 1858இல் ஒரு பெரும் புயல் கிழக்குப் பக்கத்தை அறுத்துக்கொண்டு போனதால் தீவானது. அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே மிசிசாகா என்ற முதற்குடி மக்களுக்கு இது புனிதமான இடம். நோயுற்றவர்களை இங்கே அழைத்து வந்து ஆற்றுவார்களாம். நாம் இன்று ‘ஆற்றுப்படுத்தல்’ என்று சொல்கிறோமே, அதற்கு அவர்கள் ஒரு தீவையே வைத்திருந்திருக்கிறார்கள். ரொறன்ரோ நிலத்தை வெள்ளையர் முறையாக வாங்கவில்லை என்று அவர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். கனடா அரசு 2010இல் 145 மில்லியன் டொலர் கொடுத்து அந்தக் கோரிக்கையைத் தீர்த்தது.

வாட்ஸ் என்ற பெயர் இங்கே குடியிருந்த வாட் என்ற மீனவர் குடும்பத்தின் பெயர். அந்த வீட்டு மகன் வில்லியம், பதின்ம வயதுப் பையனாக இருந்தபோது, 1862இல் தன் ஐந்து சகோதரிகளையும் சிறு படகில் ஏற்றிச் சென்றான். காற்றடித்துப் படகு கவிழ்ந்தது. ஐந்து பெண் பிள்ளைகளும் மூழ்கிப்போனார்கள். அவன் மாத்திரம் தப்பினான். அப்படிப்பட்டவன் தண்ணீரைத் திரும்பிப் பார்த்திருப்பானா? பார்த்தான். அதே தீவிலேயே வாழ்ந்து, புயலில் அகப்பட்டவர்களைக் காப்பாற்றுவதையே தொழில் போலச் செய்தான். தன் வாழ்நாளில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கரை சேர்த்தவர் என்று அவரை அங்கே போற்றுகிறார்கள்.

இதைக் கேட்டு நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன். எல்லோரும் வில்லியம் வாட் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. துயரம் ஆளுக்கு ஆள் வேறு. நான் பதினான்கு நிமிடம் கப்பலில் நின்றதே எனக்குப் பெரிய காரியம்.

பாலத்தடியில் நின்றவர்கள்

திரும்பும் வழியில் அல்கொங்குவின் தீவுக்குப் போகும் சிறு பாலத்தருகே ஒரு வாங்கில் இருந்தோம். பக்கத்தில் வயதான ஒரு பெண்மணி, இழுவை வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார். பேரனைப் பார்த்துச் சிரித்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். நானும் ஒரு தீவுக்காரிதான் என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இஞ்சை இருக்கிறதுக்கு நாங்கள் சண்டை பிடிச்சனாங்கள், தெரியுமோ?” என்று கேட்டாராம். மகள் மொழிபெயர்க்க, அவர் சொன்ன கதை இது.

1950களில் இந்தத் தீவுகளில் இப்போதிருப்பதைவிட இரு மடங்குக்கு மேல் வீடுகள் இருந்தன. கடைகளும் தியேட்டரும் இருந்தனவாம். 1956இல் மாநகர நிர்வாகம் தீவைப் பொறுப்பேற்றது. முழுவதையும் பூங்கா ஆக்கப்போகிறோம், குடியிருப்பு வேண்டாம் என்று தீர்மானித்தது. குத்தகை முடிய முடிய வீடுகள் இடிக்கப்பட்டன. கிழக்கு ஓரத்தில் இந்த இரண்டு தீவுகளில் மாத்திரம் இருநூற்றைம்பது வீடுகளளவில் மிஞ்சின. அவர்கள் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள், மறுபடியும் போனார்கள். ஆண்டுகள் ஓடின.

1980 யூலை 28ஆம் திகதி, வெளியேற்றும் கட்டளையை வீடு வீடாகக் கொடுப்பதற்கு நீதிமன்ற அலுவலர்கள் வந்தார்கள். தீவார் அனைவரும் அந்தப் பாலத்தடியில் கூடி நின்றார்கள். இந்தப் பெண்மணிக்கு அப்போது முப்பது வயது, இடுப்பில் ஒரு பிள்ளை. “நாங்கள் ஆருக்கும் அடிக்கேல்லை. விலகவுமில்லை. நிண்டம்” என்றார். அன்று பேசிப் பேசி, அலுவலர்கள் கட்டளையைக் கொடுக்காமலே திரும்பினார்கள். பின்னர் மாகாண அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அது தீவார் அங்கேயே வாழலாம் என்று சிபாரிசு செய்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் இழுபட்டு, 1993இல் தான் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் கவனிக்கத்தக்கது. வீடு குடியிருப்பவருக்கு. நிலம் 99 ஆண்டுக் குத்தகை, 2092 வரை. ஆனால் வீட்டை விரும்பிய விலைக்கு விற்க முடியாது. கணவன் மனைவிக்கோ பிள்ளைக்கோ கொடுக்கலாம். இல்லாவிட்டால், 500 பேர் பெயர் பதிந்து காத்திருக்கும் பட்டியலில் உள்ளவருக்கு, நிர்ணயித்த விலைக்குத்தான் கொடுக்கவேண்டும். அதனால்தான் எதிர்க்கரையில் கோடிக்கணக்கில் விலைபோகும் மாடிகள் எழுந்து நிற்க, இந்தப் பக்கம் சிறு வீடுகளில் சாதாரண மக்கள் தொடர்ந்து வாழ்கிறார்கள்.

“இப்ப பயமில்லையோ?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஏரி பெருகும் பயம் இருக்கிறதாம். 2017இல் நீர் மட்டம் உயர்ந்து, வைகாசி முதல் ஆடி வரை தீவைப் பார்வையாளருக்கு மூடி வைத்திருந்தார்கள். மண் மூட்டை அடுக்கி வீடுகளைக் காத்தார்களாம். நானும் அவருக்கு எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னேன். முருகைக்கல் மதில்கள், காட்டுக் குதிரைகள், பெருக்கு மரம், ஒல்லாந்தர் கோட்டை. “அங்கே உங்கள் வீடு இருக்கிறதா?” என்று கேட்டார்.

மகள் அதை மொழிபெயர்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஓர் உறுதியும் ஒரு தொலைபேசி அழைப்பும்

அம்மம்மாவின் வளவு 1988இல் எனக்குச் சீதனமாக எழுதப்பட்டது. அந்த உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிந்தேன். கடைசியில் வட்டுவாகல் பாலம் கடந்து வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு கைப்பை மாத்திரம். அதற்குள் உறுதியும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் இருந்தன. ஆனால் போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும் நான் அந்த வளவை ஒருமுறை போய்ப் பார்க்கவில்லை.

கனடாவுக்குப் புறப்பட ஒரு மாதத்துக்கு முன்னர் ஓர் உறவினர் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, நீங்கள் இனி வரப்போறதில்லைத்தானே. சும்மா கிடந்து பழுதாப்போகுது. எனக்கு எழுதித் தாங்கோவன்” என்றார். சொன்ன விலை மிகச் சொற்பம். எனக்கும் சரி என்றே பட்டது. திரும்பி வந்ததும் கையெழுத்து வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவரில் பிழையில்லை. பார்க்க ஆளில்லாத காணியைத்தான் கேட்டார். பிழை என்னுடைய பயத்தில்.

அந்த வாங்கில் இருந்தபோது அது எனக்கு வெட்கமாக இருந்தது. இவர்களைப் போகச் சொன்னார்கள், இவர்கள் போகவில்லை. என்னை இப்போது ஒருவரும் போகச் சொல்லவில்லை. நானே விட்டுக்கொடுக்கப் போகிறேன். அதுவும் ஒரு மணி நேரப் படகுக்குப் பயந்து. “வீடு இருக்கெண்டு சொல்லு பிள்ளை” என்றேன்.

திரும்பும் கப்பலில் நான் கண்ணை மூடவில்லை. ஓரத்தில் நின்று, பின்னால் போகும் தீவைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாவிலித்துறையில்

2025 பங்குனி மாதம், சோளகமும் வாடையும் இல்லாமல் கடல் அடங்கிக் கிடக்கும் காலம் பார்த்து, என் தங்கையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு குறிகட்டுவானுக்குப் போனேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகும். படகில் ஏறும்போது கால் நடுங்கியது. நடுக்கடலில் அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு வயோதிபத் தாய் ஒன்றும் கேட்காமல் என் முதுகைத் தடவினார். தங்கை கையை விடவில்லை. சூடான உப்புக் காற்று முகத்தில் அடித்தது. சின்னம்மாவை நினைத்தேன். மாவிலித்துறையில் இறங்கியதும் முதலில் குமுதினியில் இறந்தவர்களின் நினைவிடத்துக்குப் போய்ப் பூ வைத்தோம். நாற்பது ஆண்டுகளாக நான் செய்யாதிருந்த கடமை அது.

வளவில் கூரை இல்லை. முருகைக்கல் மதில் ஒரு பக்கம் சரிந்து, மறு பக்கம் அப்படியே நிற்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. பனைகள் வளர்ந்து நிற்கின்றன. எல்லைக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தோம். அயல் வீட்டார் எங்களைக் கண்டு தேநீர் ஊற்றித் தந்தார்கள். காணியைத் துப்புரவாக்க ஆள் ஒழுங்கு செய்து தருவதாகவும் சொன்னார்கள். உறவினருக்கு அன்றே தொலைபேசி எடுத்து, இப்போது விற்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டேன். நான் அங்கே போய்க் குடியிருப்பேனா என்று எனக்கே இன்னும் தெரியாது. ஆனால் தீர்மானிப்பது நானாக இருக்கட்டும்.

தோழியரே, அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

உங்கள் பெயரில் காணி இருந்தால் ஆண்டுக்கு ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். எல்லையைத் துப்புரவாக்கி வையுங்கள். வேறொருவர் உரிமை கோரிப் பத்து ஆண்டுகள் இடையறாது ஆண்டு அனுபவித்தால், அவர் நீதிமன்றத்தில் உரித்துக் கேட்க எங்கள் நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் மனம் தளரவேண்டாம். பதியப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். விளங்காத பத்திரத்தில், அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காகக் கையெழுத்து வைக்காதீர்கள்.

பயத்துக்கும் ஒன்று சொல்கிறேன். தனியாகப் போகாதீர்கள். நம்பிக்கையான ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் சிறிய தூரம் போங்கள். எனக்கு அது பதினான்கு நிமிடம். ஏலாமற் போனால் திரும்பி வாருங்கள், வெட்கமில்லை. நித்திரையின்மையும் நடுக்கமும் தொடர்ந்தால், அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் பேசுங்கள். நானும் பேசினேன், பயன் இருந்தது.

அடுத்த விடுமுறைக்குப் பேரன் வருகிறானாம். “உங்கடை ஐலன்டிலை கார் இருக்கோ அம்மம்மா?” என்று தொலைபேசியில் கேட்டான். “கொஞ்சம் இருக்கு. ஆனால் குதிரை நிறைய இருக்கு” என்றேன். வந்தால் குறிகட்டுவானில் அவன் கையை இந்த முறை நான் பிடிப்பேன்.